மெட்ராஸ் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வக்கீல் குமாஸ்தாவாக ஹைகோர்ட் வளாகத்தில் முப்பது வருடம் கட்டு சுமந்தவன் நான். வக்கீல் இல்லை, சட்டம் படித்தவனும் இல்லை. ஆனால் கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தாலும் சரி, ரயிலில் பக்கத்து சீட்டுக்காரரிடம் பேச்சுக் கொடுத்தாலும் சரி, "ஹைகோர்ட்டா? அப்ப இதைச் சொல்லுங்க" என்று ஆரம்பித்துவிடுவார்கள். புதிதாக ஒரு தலைமை நீதிபதி பதவியேற்ற வாரத்தில் இந்தத் தொல்லை இரண்டு மடங்கு. தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் வேறு. திரும்பத் திரும்ப வந்த சந்தேகங்களை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கீழே வைத்திருக்கிறேன்.

தலைமை நீதிபதின்னா மத்த ஜட்ஜுங்களுக்கெல்லாம் மேலதிகாரியா?

கலெக்டருக்குக் கீழே தாசில்தார் இருப்பது போல நினைத்துக்கொண்டுதான் எல்லோரும் இதைக் கேட்கிறார்கள். அப்படி இல்லை. வழக்கைத் தீர்ப்பதில் தலைமை நீதிபதியும் நேற்று பதவியேற்ற நீதிபதியும் ஒன்றுதான். மூன்று பேர் அமர்வில் தலைமை நீதிபதி ஒரு பக்கமும் மற்ற இருவர் எதிர்ப்பக்கமும் இருந்தால், அந்த இருவர் சொன்னதே தீர்ப்பு. இன்னொரு நீதிபதியைக் கூப்பிட்டு "இந்த வழக்கில் இப்படித் தீர்ப்புச் சொல்லுங்கள்" என்று அவர் சொல்லவும் முடியாது.

நிர்வாகம் வேறு கதை. எந்த நீதிபதி எந்த வகை வழக்கைக் கேட்பார், யார் மதுரைக் கிளைக்குப் போவார், நீதிமன்ற ஊழியர் நியமனம், கமிட்டிகள் என்று எல்லாவற்றிலும் அவர் கைதான் மேலே. மாநிலம் முழுக்க உள்ள கீழமை நீதிமன்றங்களும் உயர் நீதிமன்றத்தின் கட்டுப்பாட்டில்தான் இருக்கின்றன. ஓட்டு ஒன்றுதான், ஆனால் யாருக்கு எந்த வழக்கு என்ற பட்டியல் அவரிடம். இந்த ஒரு வித்தியாசம் பிடிபட்டால் கீழே உள்ள பாதிக் கேள்விகளுக்குப் பதில் தானாக வந்துவிடும்.

ஊர் பேரு சென்னைன்னு மாறி எத்தனையோ வருஷம் ஆச்சு, கோர்ட்டு மட்டும் ஏன் இன்னும் மெட்ராஸ்?

ஊர் பெயர் 1996-ல் மாறியது. நீதிமன்றத்தின் பெயர் 1862-ல் விக்டோரியா ராணி கொடுத்த சாசனத்தில் இருப்பது. அதை மாற்ற நாடாளுமன்றம் சட்டம் போட வேண்டும். 2016-ல் மசோதா வந்தது. சென்னை உயர் நீதிமன்றம் வேண்டாம், தமிழ்நாடு உயர் நீதிமன்றம் என்று வையுங்கள் என்று நம் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. மசோதா அப்படியே நின்றுபோனது. பேச்சிலும் பத்திரிகையிலும் 'சென்னை உயர் நீதிமன்றம்' என்று எழுதுவதில் தவறில்லை; ஆங்கில ஆவணங்களில் மட்டும் மெட்ராஸ்தான்.

முதல் தலைமை நீதிபதி யாரு? ஒரு கைடுல ஸ்ட்ரேஞ்ச்னு போட்டிருக்கு, இன்னொண்ணுல ஸ்காட்லாந்துன்னு போட்டிருக்கு. ரெண்டும் பேரான்னே சந்தேகமா இருக்கு.

இரண்டுமே மனிதர்களின் பெயர்தான். குழப்பம் என்னவென்றால், இரண்டு நீதிமன்றங்கள். 1801-ல் மெட்ராஸில் 'சுப்ரீம் கோர்ட்' என்று ஒன்று ஆரம்பித்தார்கள். அதன் முதல் தலைமை நீதிபதி சர் தாமஸ் ஸ்ட்ரேஞ்ச். அது வெள்ளைக்காரர்களுக்கும் பட்டணவாசிகளுக்கும். மாகாணத்தின் மற்ற ஊர் வழக்குகள் கம்பெனியின் சதர் அதாலத் என்ற தனி நீதிமன்றத்துக்குப் போயின.

1861-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் போட்ட சட்டத்தால் இரண்டையும் கலைத்து ஒன்றாக்கினார்கள். 1862 ஜூன் 26 தேதியிட்ட சாசனப்படி உருவான மெட்ராஸ் உயர் நீதிமன்றம் ஆகஸ்ட் 15-ல் செயல்படத் தொடங்கியது. (அந்தத் தேதிக்கு வேறு அர்த்தம் வர இன்னும் 85 வருடம் இருந்தது.) அதன் முதல் தலைமை நீதிபதி சர் காலி ஹார்மன் ஸ்காட்லாந்து. ஆக, கேள்வியில் 'உயர் நீதிமன்றம்' என்று இருந்தால் ஸ்காட்லாந்து என்று எழுதுங்கள்.

முதல் இந்தியத் தலைமை நீதிபதி முத்துசாமி ஐயரா, ராஜமன்னாரா?

எந்தச் சொல்லைப் போட்டுக் கேட்கிறார்கள் என்று பாருங்கள். தஞ்சாவூர்ப் பக்கத்தில் ஏழைக் குடும்பத்தில் பிறந்து, கிராமக் கணக்கு வேலையில் மாதம் ஒரு ரூபாய் சம்பளத்துக்கு உட்கார்ந்து, பிறகு படித்து மேலே வந்த டி. முத்துசாமி ஐயர்தான் இந்த நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதி. 1893-ல் சில மாதங்கள் தலைமை நீதிபதியின் பொறுப்பையும் பார்த்தார். உயர் நீதிமன்றக் கட்டடத்துக்குள் அவருடைய வெள்ளைப் பளிங்குச் சிலை இருக்கிறது. அவருக்குப் பிறகு எஸ். சுப்பிரமணிய ஐயரும் பொறுப்பில் இருந்திருக்கிறார். ஆனால் பதவி நிரந்தரமாக ஓர் இந்தியர் கைக்கு வந்தது 1948-ல், பி.வி. ராஜமன்னாரிடம்.

1947-ல் சுதந்திரம் கிடைத்ததே என்று கேட்பீர்கள். கிடைத்தது. ஆனால் அப்போதும் தலைமை நீதிபதி நாற்காலியில் இருந்தவர் சர் ஃபிரெடரிக் ஜென்டில் என்ற ஆங்கிலேயர். அடுத்த ஆண்டுதான் அவர் போனார். பாடப்புத்தகத்தில் ஒரே ராத்திரியில் எல்லாம் மாறிவிட்ட மாதிரி இருக்கும்; கோர்ட்டில் எதுவும் ஒரே ராத்திரியில் மாறாது.

ராஜமன்னார் கமிட்டின்னு படிச்சோமே, அந்த ராஜமன்னாரா?

அவரேதான். 1948 முதல் 1961 வரை பதின்மூன்று வருடம் தலைமை நீதிபதி. சுதந்திரத்துக்குப் பிறகு இந்தப் பதவியில் இவ்வளவு காலம் இருந்தவர் வேறு யாரும் இல்லை. (வெள்ளைக்காரர் காலத்தில் சர் சார்லஸ் அர்னால்ட் வைட் 1899 முதல் 1914 வரை இருந்தார்.) ராஜமன்னார் காலத்தில்தான் நீதிமன்றத்தின் எல்லை சுருங்கியது. ஆந்திரப் பகுதிக்கு 1954-ல் குண்டூரில் தனி உயர் நீதிமன்றம் வந்தது; 1956-ல் மலபாரும் கேரளத்தோடு போனது.

ஓய்வுக்குப் பிறகு நான்காவது நிதிக்குழுவின் தலைவர். அப்புறம் 1969-ல் கலைஞர் அரசு அமைத்த மத்திய மாநில உறவுகள் குறித்த குழுவின் தலைவர். அதன் அறிக்கை 1971-ல் வந்தது. மாநில சுயாட்சி பற்றி இன்றைக்கும் யாராவது மேடையில் பேசினால் அந்த அறிக்கையை இழுக்காமல் விட மாட்டார்கள். நாடகத்திலும் ஈடுபாடு உள்ளவர். 1953-ல் சங்கீத நாடக அகாதமி தொடங்கியபோது அதன் முதல் தலைவரும் அவர்தான்.

யார் நியமிக்கிறாங்க? முதலமைச்சர் கையெழுத்து வேணுமா?

நியமனம் குடியரசுத் தலைவர் பெயரில் வரும். அரசியலமைப்பின் 217-வது பிரிவு, இந்தியத் தலைமை நீதிபதியையும் மாநில ஆளுநரையும் கலந்தாலோசிக்கச் சொல்கிறது. நடைமுறையில் பெயரைத் தீர்மானிப்பது கொலீஜியம், அதாவது இந்தியத் தலைமை நீதிபதியும் உச்ச நீதிமன்றத்தின் அடுத்த இரண்டு மூத்த நீதிபதிகளும். 1993, 1998 தீர்ப்புகளால் வந்த ஏற்பாடு இது. இதற்குப் பதிலாகத் தனி ஆணையம் அமைக்க நாடாளுமன்றம் சட்டம் போட்டது. 2015 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது.

மாநில அரசிடம் கருத்துக் கேட்பார்கள். முதலமைச்சருக்கு இருப்பது அவ்வளவுதான். ஆட்சி மாறினால் தலைமை நீதிபதி மாறுவார் என்று என்னிடம் பந்தயம் கட்டியவர்கள் இருக்கிறார்கள். எல்லோரும் தோற்றார்கள்.

கவர்னர்தானே இவருக்குப் பதவிப் பிரமாணம் பண்ணி வைக்கிறார்? அப்ப கவர்னருக்கு யாரு?

இவர்தான். தலைமை நீதிபதிக்கு ஆளுநர் செய்து வைப்பார். புது ஆளுநர் வந்தால் அவருக்குத் தலைமை நீதிபதி செய்து வைப்பார். 2021 செப்டம்பரில் ஆர்.என். ரவிக்குச் செய்து வைத்தவர் அப்போதைய தலைமை நீதிபதி சஞ்ஜிப் பானர்ஜி. புதுச்சேரியும் இந்த நீதிமன்றத்தின் எல்லைக்குள் வருவதால், அங்கே துணைநிலை ஆளுநர் மாறினாலும் சென்னையிலிருந்து கார் கிளம்பும்.

ஏன் எப்பவும் வெளி மாநிலத்துக்காரரே வர்றார்? நம்ம ஆளுங்க யாருக்கும் தகுதி இல்லையா?

தகுதிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. முன்பெல்லாம் இங்கேயே நீதிபதியாக இருந்து, மூப்பு அடிப்படையில் தலைமை நீதிபதி ஆனார்கள். அனந்தநாராயணன், வீராசாமி, கைலாசம், இஸ்மாயில் எல்லாம் அப்படி வந்தவர்கள். 1980-களின் தொடக்கத்தில் மத்திய அரசு ஒரு கொள்கை எடுத்தது. தலைமை நீதிபதி வெளி மாநிலத்திலிருந்து வர வேண்டும் என்பதே அது. உள்ளூரிலேயே வக்கீலாக இருந்து, அங்கேயே நீதிபதியாகி, அங்கேயே தலைமை நீதிபதியானால் உறவு, நட்பு, பழைய சீனியர் ஜூனியர் பாசம் எல்லாம் குறுக்கே வரும் என்பது காரணம்.

இந்தக் காரணத்தில் நியாயம் இருக்கிறது. முப்பது வருடம் அந்த வராண்டாவில் நடந்தவன் என்பதால் சொல்கிறேன். ஆனால் வருகிறவருக்கு எந்த வக்கீல் எப்படி, எந்த மாவட்டத்தில் எந்தக் கோர்ட் ஒழுகுகிறது என்று தெரிந்துகொள்ளவே ஆறு மாதம் ஆகிவிடுகிறது என்பதும் உண்மை. அதே சமயம் நம் ஆட்கள் வெளியூர் போய்த் தலைமை நீதிபதி ஆகிறார்கள். அது யார் கண்ணிலும் படுவதில்லை.

தமிழே தெரியாம எப்படி நம்ம வழக்கைக் கேக்க முடியும்?

உயர் நீதிமன்றத்தின் மொழி ஆங்கிலம். 348-வது பிரிவு அப்படிச் சொல்கிறது. தமிழில் இருக்கும் பத்திரமும் சாட்சியமும் மொழிபெயர்ப்போடு போகும். தமிழையும் நீதிமன்ற மொழியாக்க வேண்டும் என்று 2006-ல் சட்டமன்றம் தீர்மானம் போட்டது, தில்லி ஒப்புக்கொள்ளவில்லை. எதிர்க்கும் தரப்பு சொல்லும் காரணங்களில் முந்தைய பதிலில் சொன்ன கொள்கையும் ஒன்று. வெளியிலிருந்து வரும் நீதிபதி என்ன செய்வார் என்று கேட்பார்கள். ஒன்று இன்னொன்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது.

வந்த வேகத்துல போயிடறாங்களே, ஏன் சார்?

உயர் நீதிமன்ற நீதிபதி 62 வயதில் ஓய்வு பெற வேண்டும். தலைமை நீதிபதி ஆகும் மூப்பு வரும்போதே பலருக்கு அறுபது நெருங்கிவிடும். மிச்சமிருப்பது ஒன்றோ இரண்டோ வருடம். அதற்குள் சிலர் உச்ச நீதிமன்றத்துக்குப் போவார்கள், சிலருக்கு மாற்றல் வரும். 2018 ஆகஸ்டிலிருந்து 2025 ஜூலை வரை எண்ணிப் பாருங்கள்: தஹில்ரமானி, சாஹி, சஞ்ஜிப் பானர்ஜி, பண்டாரி, கங்காபுர்வாலா, ஸ்ரீராம், ஸ்ரீவஸ்தவா. ஏழு வருடத்தில் ஏழு பேர். இடையில் பொறுப்பில் இருந்தவர்களை நான் சேர்க்கவே இல்லை. கடைசி இருவரும் 2025 ஜூலையில் இடம் மாறிக்கொண்டவர்கள். இங்கிருந்து ஸ்ரீராம் ராஜஸ்தானுக்கு, அங்கிருந்து ஸ்ரீவஸ்தவா இங்கே.

ராஜமன்னாரின் பதின்மூன்று வருடத்தோடு ஒப்பிட்டால் இது சத்திரத்தில் தங்கிப் போவது போலத்தான். ஒரு புது ஏற்பாட்டை ஒருவர் ஆரம்பிப்பார். அது பழகுவதற்குள் அடுத்தவர் வந்து வேறு ஏற்பாடு செய்வார். பதிவகத்துக்காரர்கள் பாவம்.

பொறுப்புத் தலைமை நீதிபதின்னா அரை அதிகாரம்தானே?

இல்லை, முழு அதிகாரம். பதவி காலியாக இருந்தாலும், இருப்பவர் வர முடியாத நிலையில் இருந்தாலும், 223-வது பிரிவுப்படி குடியரசுத் தலைவர் இங்குள்ள நீதிபதி ஒருவரிடம் அந்தக் கடமைகளை ஒப்படைப்பார், வழக்கமாக மூத்தவரிடம்.

பெரிய சோதனைகள் பொறுப்பில் இருப்பவர் காலத்திலும் வந்து நிற்கும். 2018 ஆகஸ்ட் 7 அன்று தலைமை நீதிபதி இந்திரா பானர்ஜி தில்லியில் உச்ச நீதிமன்ற நீதிபதியாகப் பதவியேற்றார். அன்று மாலை கலைஞர் மறைந்தார். மெரினாவில் இடம் கேட்டு இரவோடு இரவாக வழக்கு. பொறுப்புத் தலைமை நீதிபதி ஹுலுவாடி ரமேஷும் நீதிபதி எஸ்.எஸ். சுந்தரும், ரமேஷின் வீட்டிலேயே விசாரணையைத் தொடங்கினார்கள். மறுநாள் காலை இடம் கொடுக்கச் சொல்லி உத்தரவு வந்தது. புதுத் தலைமை நீதிபதி தஹில்ரமானி பதவியேற்றது அதற்குச் சில நாள் கழித்துத்தான். 2009 பிப்ரவரி 19-ல் வளாகத்துக்குள் போலீசும் வக்கீல்களும் மோதிக்கொண்ட அன்றும் இருந்தவர் பொறுப்புத் தலைமை நீதிபதியே, எஸ்.ஜே. முகோபாத்யாயா.

மாத்தல் போட்டா "போக மாட்டேன்"னு சொல்லலாமா?

சொல்லலாம், ஆனால் வேலையை விட்டுத்தான் சொல்ல முடியும். 222-வது பிரிவுப்படி மாற்றுவதற்கு நீதிபதியின் சம்மதம் தேவையில்லை.

1981-ல் மு.மு. இஸ்மாயிலைக் கேரளத்துக்கு மாற்றினார்கள். கம்பன் என்றால் உருகுகிறவர், சென்னைக் கம்பன் கழகத்தை வளர்த்தவர், நெருக்கடி நிலைக் காலத்தில் சென்னை மத்தியச் சிறையில் நடந்த கொடுமைகளை விசாரித்து அறிக்கை கொடுத்தவர். அவர் கேரளம் போகவில்லை, ராஜினாமா செய்தார். அதே சமயம் பாட்னா தலைமை நீதிபதி கே.பி.என். சிங்கை மெட்ராஸுக்கு மாற்றியது உச்ச நீதிமன்றம் வரை போனது. முதல் நீதிபதிகள் வழக்கு என்று சொல்கிறார்களே, அதில் இதுவும் ஒரு பகுதி. மாற்றல் செல்லும் என்றது தீர்ப்பு. அவர் இங்கே வந்து சேர்ந்தார்.

2019-ல் விஜயா தஹில்ரமானியை மேகாலயாவுக்கு மாற்றக் கொலீஜியம் பரிந்துரைத்தது. 75 நீதிபதிகளுக்கு இடமுள்ள நீதிமன்றத்திலிருந்து, விரல் விட்டு எண்ணக்கூடிய நீதிபதிகள் உள்ள நீதிமன்றத்துக்கு. மறுபரிசீலனை கேட்டார், கிடைக்கவில்லை, ராஜினாமா செய்தார். வக்கீல்கள் கோர்ட்டைப் புறக்கணித்தார்கள். 2021 நவம்பரில் சஞ்ஜிப் பானர்ஜிக்கும் அதே மேகாலயா. அவர் வந்து பத்து மாதம் நிறைவடைந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன. இருநூற்றுக்கு மேற்பட்ட வக்கீல்கள் எதிர்த்துக் கடிதம் எழுதினார்கள். அவர் ராஜினாமா செய்யாமல், போய்ச் சேர்ந்தார். மேகாலயா நல்ல ஊர், குறை சொல்லவில்லை. ஆனால் அந்த இரண்டு மாற்றலுக்குப் பிறகு எங்கள் வளாகத்தில் அந்தப் பெயரைத் தண்டனை என்ற அர்த்தத்தில் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள்.

கொலீஜியம் ஒரு பேரைச் சொல்லிட்டா அரசாங்கம் போட்டே ஆகணுமாமே?

அதே பெயரைக் கொலீஜியம் திரும்பவும் வலியுறுத்தினால் அரசு ஏற்க வேண்டும் என்பது தீர்ப்புகளின் சாரம். ஆனால் கோப்பை எத்தனை நாளுக்குள் அனுப்ப வேண்டும் என்று எங்கேயும் கெடு இல்லை. அரசு மறுக்க வேண்டாம், சும்மா இருந்தாலே போதும்.

ஒடிசா தலைமை நீதிபதி எஸ். முரளிதரை மெட்ராஸுக்கு மாற்ற 2022 செப்டம்பரில் கொலீஜியம் பரிந்துரைத்தது. சென்னையில் வக்கீல் தொழிலைத் தொடங்கியவர் என்பதால் இங்கே எதிர்பார்ப்பு பலமாக இருந்தது. உத்தரவு வரவேயில்லை. மாதக்கணக்கில் நீதிபதி டி. ராஜா பொறுப்பில் இருந்தார். 2023 ஏப்ரலில் கொலீஜியமே அந்தப் பரிந்துரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டு கங்காபுர்வாலா பெயரை அனுப்பியது. அடுத்த மாதமே அவர் வந்துவிட்டார்.

என் கேஸ் எந்த ஜட்ஜ்கிட்ட போகணும்னு யார் முடிவு பண்றது? நாம கேட்டு வாங்கலாமா?

கேட்டு வாங்க முடியாது. முதல் பதிலில் பட்டியல் என்று சொன்னேனே, அதுதான் இது. கிரிமினல் மேல்முறையீடு இவர், வரி வழக்கு அவர், பொதுநல வழக்கு தலைமை நீதிபதியே உட்காரும் முதல் அமர்வு என்று தலைமை நீதிபதி ஒதுக்குவார். இங்கே சுமார் மூன்று மாதத்துக்கு ஒரு முறை மாற்றுவார்கள். புதுப் பட்டியல் வெளியாகும் நாளில் எங்களைப் போன்ற குமாஸ்தாக்களைப் பார்க்க வேண்டும், பரீட்சை ரிசல்ட் பார்க்கிற மாதிரி மொய்ப்போம்.

இந்த அதிகாரம் தலைமை நீதிபதிக்கு மட்டுமே என்று உச்ச நீதிமன்றம் 1997-ல் ராஜஸ்தான் வழக்கு ஒன்றில் உறுதியாகச் சொன்னது. தனக்கு ஒதுக்காத வழக்கை ஒரு நீதிபதி தானாக எடுத்துக்கொள்ள முடியாது. அந்தத் தீர்ப்பை எழுதியவர் ஏ.எஸ். ஆனந்த், அதற்குச் சில வருடம் முன்பு இங்கே தலைமை நீதிபதியாக இருந்து இதே பட்டியலைப் போட்டவர்தான்.

ரெண்டு ஜட்ஜ் ரெண்டு விதமா தீர்ப்புச் சொன்னா மூணாவது ஜட்ஜை தலைமை நீதிபதி போடுவார்னு தெரியும். அந்த ரெண்டு பேர்ல ஒருத்தர் தலைமை நீதிபதியாவே இருந்தா?

கெட்டிக்காரக் கேள்வி, இது நடந்தும் இருக்கிறது. 18 எம்.எல்.ஏ.க்கள் தகுதி நீக்க வழக்கில் 2018 ஜூன் 14-ல் தலைமை நீதிபதி இந்திரா பானர்ஜி சபாநாயகர் உத்தரவு செல்லும் என்றார். உடன் இருந்த நீதிபதி எம். சுந்தர் செல்லாது என்றார். தன் தீர்ப்பையே சரிபார்க்கும் ஆளைத் தானே தேர்ந்தெடுப்பது முறையாக இருக்காது என்பதால், அடுத்த மூத்த நீதிபதியான ஹுலுவாடி ரமேஷ் அதைச் செய்தார். அவர் நீதிபதி விமலாவை நியமித்தார். ஆனால் விஷயம் உச்ச நீதிமன்றத்துக்குப் போய், அங்கே நீதிபதி சத்தியநாராயணன் பெயரை முடிவு செய்தார்கள். அக்டோபர் 25-ல் அவர் தகுதி நீக்கம் செல்லும் என்றார்.

மதுரைக்குத் தனித் தலைமை நீதிபதி உண்டா?

கிடையாது. 2004 ஜூலை 24-ல் திறந்த மதுரைக் கிளை, தனி நீதிமன்றம் இல்லை; அதே நீதிமன்றத்தின் இன்னொரு அமர்வு. அங்கே நிர்வாக நீதிபதி என்று ஒருவர் அன்றாட விஷயங்களைப் பார்ப்பார். மதுரை சொன்ன தீர்ப்பைச் சென்னைத் தலைமை நீதிபதி ரத்து செய்ய முடியுமா என்று தொடர்ந்து கேட்பார்கள். முடியாது. முதல் பதில்தான் இங்கேயும்.

தலைமை நீதிபதிக்கு லெட்டர் போட்டா அதுவே கேஸ் ஆயிடுமாமே?

ஆகலாம், அபூர்வமாக. கடிதம் நேராக அவர் மேசைக்குப் போவதில்லை, பதிவகத்தில் பிரிப்பார்கள். பொதுப் பிரச்சினை, கொத்தடிமை, காவல் நிலையக் கொடுமை மாதிரி விஷயம் என்றால் பொதுநல வழக்காக எடுக்க வாய்ப்பு உண்டு. உங்கள் வரப்புத் தகராறுக்கும் ஓய்வூதிய நிலுவைக்கும் எடுக்க மாட்டார்கள். அதற்கு வக்கீலைப் பிடித்து மனு போட வேண்டும். கீழ்க்கோர்ட் நீதிபதி மேல் புகார் என்றால் அதைக் கவனிக்க உயர் நீதிமன்றத்தில் விஜிலென்ஸ் பிரிவு தனியாக இருக்கிறது. பெயர் போடாத மொட்டைக் கடுதாசி எழுதித் தபால் செலவு செய்யாதீர்கள்.

கோர்ட்ல தலைமை நீதிபதி விளாசிட்டார்னு டிவில ஓடுதே, அதுதான் தீர்ப்பா?

இல்லை. விசாரணையின் நடுவே பேசுவது பேச்சு. கையெழுத்துப் போட்டு வரும் உத்தரவுதான் தீர்ப்பு. 2021 ஏப்ரலில், கொரோனா காலத்தில் பிரசாரக் கூட்டங்களைத் தடுக்காததற்காகத் தேர்தல் ஆணைய அதிகாரிகள் மேல் கொலை வழக்கே போடலாம் என்கிற மாதிரி சஞ்ஜிப் பானர்ஜி சொன்னார். நாடு முழுக்க ஓடியது. ஆணையம் உச்ச நீதிமன்றம் போனது. அந்த வார்த்தைகள் கடுமையானவை, ஆனால் உத்தரவில் இல்லாததை நீக்க என்ன இருக்கிறது என்றது உச்ச நீதிமன்றம். பத்திரிகைகள் அதை வெளியிடவும் தடை போடவில்லை.

எழுத்தில் வந்ததற்கு ஓர் உதாரணம் வேண்டுமென்றால், 2016 ஜூலையில் பெருமாள்முருகன் வழக்கில் தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கவுலின் அமர்வு கொடுத்த தீர்ப்பு. எழுதுவதை நிறுத்திவிட்டேன் என்று அறிவித்திருந்த எழுத்தாளரைப் பார்த்து, எழுதுங்கள் என்ற சொல்லோடு அது முடிகிறது.

பெண்கள் யாராவது இருந்திருக்காங்களா?

மூன்று பேர். ராஜஸ்தானிலிருந்து வந்த காந்தா குமாரி பட்நாகர் 1992-ல். அதற்குப் பிறகு கால் நூற்றாண்டு இடைவெளி. 2017-ல் இந்திரா பானர்ஜி, 2018-ல் விஜயா தஹில்ரமானி என்று அடுத்தடுத்து இருவர்.

தலைமை நீதிபதியே தப்புப் பண்ணினா யாரு கேக்கறது?

பதவி நீக்கம் செய்ய நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் தீர்மானம் வேண்டும். வந்திருந்து வாக்களிப்பவர்களில் மூன்றில் இரண்டு பங்கும், மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேலும் ஆதரிக்க வேண்டும். மெட்ராஸ் தலைமை நீதிபதி எவரும் அப்படிப் போகவில்லை. வேறு வழிகளில் போயிருக்கிறார்கள்.

எஸ். ராமச்சந்திர ஐயர் 1961 முதல் 1964 வரை இருந்தார். அவருடைய உண்மையான வயது பதிவில் இருப்பதைவிட அதிகம், ஓய்வு வயது எப்போதோ கடந்துவிட்டது என்று வழக்கறிஞர் ஜி. வசந்த பாய் வழக்குப் போட்டார். தம்பியின் அறுபதாம் கல்யாணப் பத்திரிகை ஒன்று வக்கீல்கள் கையில் சிக்கியதில் ஆரம்பித்தது என்று இன்றைக்கும் அங்கே சொல்வார்கள். தம்பிக்கே அறுபது என்றால் அண்ணனுக்கு? அவர் ராஜினாமா செய்தார். ஓய்வு வயது அறுபதிலிருந்து 62 ஆனது அதற்கு முந்தைய வருடம்தான்.

கே. வீராசாமி விவகாரம் இன்னும் பெரிது. 1976-ல் அவர் பதவியில் இருக்கும்போதே வருமானத்துக்கு மீறிய சொத்து என்று சி.பி.ஐ. வழக்குப் பதிந்தது. நீதிபதி மேல் ஊழல் தடுப்புச் சட்டம் பாயுமா என்ற கேள்விக்கு உச்ச நீதிமன்றம் பதில் சொல்ல 1991 ஆனது. பாயும், அவரும் பொது ஊழியர்தான். ஆனால் இந்தியத் தலைமை நீதிபதியைக் கலந்தாலோசிக்காமல் வழக்குப் பதியக் கூடாது என்றார்கள். இன்றைக்கு நாட்டின் எந்த மூலையில் எந்த நீதிபதி மேல் புகார் கிளம்பினாலும் முதலில் புரட்டுவது வீராசாமி வழக்கைத்தான்.

இங்க இருந்தவங்க இந்தியத் தலைமை நீதிபதி ஆகியிருக்காங்களா?

இங்கே தலைமை நீதிபதியாக இருந்த ஏ.எஸ். ஆனந்தும் கே.ஜி. பாலகிருஷ்ணனும் ஆனார்கள். பதஞ்சலி சாஸ்திரியும் பி. சதாசிவமும் மெட்ராஸ் உயர் நீதிமன்றத்துக்காரர்கள்தான். ஆனால் இங்கே நீதிபதிகளாக இருந்தார்களே தவிர, தலைமை நீதிபதிகளாக இருந்ததில்லை. தேர்வில் இங்கேதான் சறுக்குவார்கள்.

உச்ச நீதிமன்றம் போனவர்கள் என்றால் வரிசை நீளம்: கட்ஜு, கங்குலி, கோகலே, இக்பால், ஆர்.கே. அகர்வால், கவுல், இந்திரா பானர்ஜி. போகாமல் நின்றதில் எங்களுக்கெல்லாம் வருத்தம் தந்தவர் ஏ.பி. ஷா. அயோத்தி விசாரணை ஆணையத்தைப் பதினேழு வருடம் நடத்திய லிபரானும் இங்கே தலைமை நீதிபதியாக இருந்தவர் என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை.

சம்பளம் எவ்வளவு? ரிட்டயர் ஆனா திரும்ப கறுப்பு கோட்டு மாட்டலாமா?

மாதம் இரண்டரை லட்சம். மற்ற நீதிபதிகளுக்கு இரண்டே கால் லட்சம். படிகளும் வீடும் தனி. வக்கீலாகத் திரும்பலாம், ஆனால் நிரந்தர நீதிபதியாக இருந்த நீதிமன்றத்தில் வாதாடக் கூடாது; உச்ச நீதிமன்றத்திலும் மற்ற உயர் நீதிமன்றங்களிலும்தான்.

கவர்னர் திடீர்னு இல்லாமப் போனா தலைமை நீதிபதி கவர்னர் ஆயிடுவாரா?

தானாக ஆக மாட்டார், குடியரசுத் தலைவர் சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் அப்படிச் சொல்வது வழக்கமாக இருந்தது. 1957-ல் ஆளுநர் ஏ.ஜே. ஜான் பதவியில் இருக்கும்போதே இறந்ததும் ராஜமன்னார் சில மாதம் ஆளுநர் பொறுப்பைப் பார்த்தார். 1980-ல் இஸ்மாயில் சில நாட்கள் பார்த்தார். இப்போதெல்லாம் வேறு மாநில ஆளுநரிடம் கூடுதலாகக் கொடுத்துவிடுகிறார்கள். 2016-ல் மகாராஷ்டிர ஆளுநர் வித்யாசாகர் ராவிடம் கொடுத்தது போல. அன்றைக்கும் அவருக்குப் பதவிப் பிரமாணம் செய்து வைக்க ராஜ்பவனுக்குப் போனவர் தலைமை நீதிபதிதான், கவுல்.